அண்ணன் செய்த கருடன்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றும் தகராறுதான். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் நம் தெருக் கூட்டாளிகளில் ஒருவன் வீட்டுக் கல்யாணப் பந்தியில், "டேய், அந்தக் கருடன் உங்கண்ணன் வுட்டதுதானே? இப்பவாவது சொல்லேன்டா" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு இலையில் இருந்த பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நூம்பலில் நம் தெருவுக்குப் பின்னால் ஏரிக்கரை, கரையில் பனைமரங்கள், தெருமுனையில் கோயில். இப்போது ஏரி இருந்த பக்கம் பாதிக்கு மேல் வீடுகள். என் அப்பா ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் மைக்கும் குழாயும் சீரியல் பல்பும் அப்பாவுடையதுதான். குழாய் என்றால் மரத்தில் கட்டும் பெரிய அலுமினிய ஸ்பீக்கர். அதை முதுகில் கயிறு போட்டுச் சுமந்து மரத்தில் ஏறிக் கட்டுவது என் வேலை. கட்டியபின் கீழே இறங்க மாட்டேன். கூட்டத்தில் நிற்பதைவிடக் கிளையில் உட்கார்ந்திருப்பது எனக்குச் சௌகரியம். விசேஷம் முடியும்வரை மேலேயே இருப்பேன். அம்மா சோற்றைத் தூக்குவாளியில் வைத்துக் கயிற்றில் அனுப்பிவிடுவாள்.

அந்த வருடம் நம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கோபுரக் கலசத்தில் புனித நீரை ஊற்றும் நேரத்தில் வானத்தில் கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த முந்தைய கும்பாபிஷேகத்தில் கருடன் வரவில்லை. கூட்டம் அண்ணாந்து பார்த்தபடியே நின்றதாம். கடைசியில் நல்ல நேரம் தாண்டிவிடும் என்று பட்டர் தண்ணீரை ஊற்றிவிட்டாராம். அதன்பின் தெருவில் நாலு கூரை எரிந்தது, ஒருவர் கிணற்றில் விழுந்தார். இதெல்லாம் எந்தத் தெருவிலும் நடப்பதுதான். ஆனால் நம் ஆட்கள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பாவின் குழாய்ச் சத்தத்தில்தான் கருடன் மிரண்டுபோய்த் திரும்பிவிட்டது.

முந்தைய கும்பாபிஷேக வருடம் ஏரி வறண்டு கிடந்தது என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். தண்ணீர் இல்லாத ஏரியில் மீன் இல்லை, மீன் இல்லாத இடத்துக்கு, நாம் கருடன் என்று கும்பிடும் செம்பருந்து ஏன் வரும்? இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்ற நாற்பது வயது ஆனது.

கோயில் கமிட்டித் தலைவர் ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அரிசி மண்டி வைத்திருந்தவர். மோரை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"நைனா, தப்பா நெனைக்காதே. இந்த வாட்டி மைக் செட்டை கரையான்சாவடி பார்ட்டிக்குக் குடுத்துடலாம்னு பேச்சு அடிபடுது."

அப்பா கையில் ஈயம் பற்றவைக்கும் சால்ட்ரிங் கம்பி இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை. "என் தெரு கோயிலுக்கு வேற ஒருத்தன் வந்து குழாய் கட்டுவானா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"ஊர் சொல்லுது. நான் இன்னா பண்றது?"

"ஊரு சொல்றது இருக்கட்டும். நீ இன்னா சொல்ற?"

தலைவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி, நீயே கட்டு. ஆனா கருடன் வரலன்னா இதான் கடைசி. அப்பால இந்தத் தெருவுல ஒரு கல்யாணத்துக்குக் கூட உன்னைக் கூப்புட மாட்டாங்க. பின்னாடி என்னாண்ட வந்து நிக்கக் கூடாது."

அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கொஞ்சம் வாய்க்கொழுப்பு உண்டு. "கருடன் வராதாமா? நான் வரவெக்கிறேன்டா" என்றான். தமாஷுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆவடிக்குப் போய் ஒரு மரப்பெட்டியோடு வந்தான்.

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு சார் இருந்தார். மாடல் விமானம் பறக்கவிடுவது அவர் பொழுதுபோக்கு. அவர் பேத்தியின் பிறந்தநாளுக்கு மைக் கட்டப் போனபோது அண்ணன் அவரோடு ஒட்டிக்கொண்டான். சார் ரிடையராகி ஊருக்குப் போகிறவர். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று ஒரு பழைய செட்டை இவனிடம் கொடுத்துவிட்டார். பெட்டிக்குள் இரண்டு குச்சி வைத்த தகர ரிமோட், நீட்டினால் என் உயரத்துக்கு வரும் ஏரியல், தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர், ரிமோட் குச்சியை ஆட்டினால் அதற்கேற்பத் திரும்பும் மூன்று குட்டி சர்வோ மோட்டார்கள், பஞ்சில் சுற்றி ஒரு குட்டி டீசல் இஞ்சின். அந்த இஞ்சின் என் கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பெட்டியைத் திறந்ததும் வந்த ஆமணக்கெண்ணெய் வாசனை இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வழக்கமான விமானம் செய்வது அண்ணன் திட்டம் இல்லை. கீழே இருந்து பார்த்தால் கருடனாகவே தெரிய வேண்டும். பறவை விஷயத்தில் அவன் என்னைத்தான் கேட்டான். மரத்து மேலேயே உட்கார்ந்திருப்பவன் என்பதால் பருந்துகளை மேலே இருந்தும் பக்கத்தில் இருந்தும் பார்த்தவன் நான் ஒருவன்தான். இறக்கை நுனி விரல் விரித்த மாதிரி இருக்கும் என்றேன். திரும்பும்போது வாலை ஒரு பக்கமாகத் திருகும் என்றேன். விமானத்துக்கு இருக்கிற மாதிரி நட்டுக்க நிற்கும் வால் பறவைக்குக் கிடையாது என்றேன்.

"அப்ப நம்ம கருடனுக்கும் கிடையாது" என்றான்.

உடம்புக்கு டி.வி. பெட்டியில் வரும் தெர்மகோல். இறக்கைக்குக் கூடை முடைபவரிடம் வாங்கிய மூங்கில் பிளாச்சு. அதை விளக்கின் சூட்டில் காட்டிக் காட்டி வளைத்தோம். மேலே காத்தாடி பேப்பர். டீ டிகாஷனில் காவியைக் கரைத்துப் பூசினால் அசல் செம்பருந்து நிறம் வந்தது. தலைக்கும் மார்புக்கும் வெள்ளை பெயிண்ட். இறக்கையை விரித்து வைத்தால் எங்கள் கட்டிலின் அகலம். முதல் இறக்கையை மைதாப் பசையில் ஒட்டிப் பரணில் வைத்தோம். விடிந்து பார்த்தால் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது. அப்புறம் பைண்டிங் கடைக்காரர் செய்கிற மாதிரி பசையில் மயில்துத்தம் கலந்து மறுபடி ஒட்டினோம்.

அப்பா பார்த்தார். "காத்தாடியா?" என்றார். ஆமாம் என்றோம். அவர் மனசு முழுக்கக் கும்பாபிஷேகத்தில் இருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மா வேறு மாதிரி நினைத்துவிட்டாள். அந்த இஞ்சினுக்கு மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஈதர் மூன்றையும் கலந்து ஊற்ற வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய் குறைகிறது, அண்ணன் சட்டையில் ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கிறது, சாயங்காலமானால் இருவரும் ஏரிப்பக்கம் போய்விடுகிறோம். பையன் ஏதோ கருமத்தைக் குடிக்கப் பழகிவிட்டான் என்று முடிவு கட்டி, திருமுல்லைவாயிலில் இருந்த எங்கள் அத்தை வீட்டுக்குப் போய் அழுதாள். அத்தை வந்து அண்ணனை நிற்க வைத்து, "ஊது" என்றாள். ஊதினான். "ஒண்ணும் தெரியலியே அண்ணி. வெங்காயம்தான் நாறுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்திரையில் ஏரி காய்ந்து தரை பாளமாக வெடித்திருந்தது. அங்கேதான் முதல் ஓட்டம். இஞ்சின் முன்னால் இருந்த விசிறியைச் சுண்டிவிட்டு ஸ்டார்ட் செய்வதற்குள் அண்ணன் விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. ஓடிவந்து வீசினான். கருடன் நேரே போனது, பிறகு குடிகாரன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, ஆடிக்கொண்டே வந்து மண்ணில் குத்தியது. ஒட்டி ஒட்டி மூன்று வாரம் விட்டோம். ஒவ்வொரு தடவையும் அதே ஆட்டம்.

ஆவடி சார் ஊருக்குப் போகும் முன் ஒருமுறை வந்து பார்த்தார். "தம்பி, உடம்பு அருமை. ஆனா செங்குத்தா ஒரு வால் இல்லாம இது நேரா போகாது" என்றார்.

"கருடனுக்கு அது இல்லியே சார்."

"கருடனுக்கு மூளை இருக்கு. இதுக்கு இல்ல."

நிற்கிற வால் வைத்தால் கீழே இருப்பவன் கண்டுபிடித்துவிடுவான். அண்ணன் இரண்டு நாள் பட்டறையிலும் அதையே யோசித்திருக்கிறான். மூன்றாம் நாள் வந்து, பீரோ மேல் இருந்த அப்பாவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்தான். கொதிநீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்தான். அப்பாவின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோயின. கடைசியில் கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் மிஞ்சியது. அதை வெட்டி வாலில் நிறுத்தினான். பத்தடி தூரத்தில் நின்றால் தெரியவில்லை. வெயில் பட்டால் மட்டும் எப்போதாவது ஒரு மின்னல் அடித்தது. கருடன் அதன்பின் ஆடவில்லை.

எக்ஸ்ரே காணோம் என்று அம்மா பிறகு வீட்டைப் புரட்டிப் போட்டாள். "டாக்டர் கேட்டா இன்னாத்தக் காட்டுவேன்? அவரு நெஞ்சைப் பொளந்தா காட்ட முடியும்?" நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஓட்டுவதில் அண்ணனுக்கு ஒரு குறை இருந்தது. கருடன் தூரப் போகும்போது ஒழுங்காக ஓட்டுவான். நம்மை நோக்கித் திரும்பி வந்தால் இடமும் வலமும் மாறிவிடும் இல்லையா, அங்கே குழம்பிவிடுவான். எனக்கு அது சிரமமாகவே இல்லை. மரத்தில் குழாயைத் திருப்பும்போது கீழே இருந்து அப்பா "சோத்தாங்கை பக்கம்" என்றால் மேலே எனக்கு அது பீச்சாங்கை. வருடக்கணக்காக அப்படித்தான் திருப்பியிருக்கிறேன். ரிமோட் என் கைக்கு வந்ததும் இறக்கையைக் கொஞ்சம் சாய்த்து ஏரி முழுவதும் ஒரு வட்டம் போட்டேன். காக்காய்க் கூட்டம் ஒன்று பனைமரத்திலிருந்து கிளம்பிக் கருடனைத் துரத்தியது.

"காக்காவே நம்பிடுச்சுடா!" என்று அண்ணன் குதித்தான். "நீதான்டா ஓட்டற. மரத்து மேலருந்து ஓட்டு. உன்னை எவன் பாக்கப் போறான்?"

ஒரே ஒரு சிக்கல் இஞ்சின் சத்தம். பெரிய வண்டு மாதிரி உறுமும். அதற்கும் அண்ணன் பதில் வைத்திருந்தான். "அப்பா குழாய்ல மேளம் போய்க்கினு இருக்கும். அந்த சத்தத்துல இது எவன் காதுல வுழும்? அந்தக் குழாயத்தானே குத்தம் சொன்னானுங்க? அது அலறிக்கினு இருக்கும்போதே கருடன் வரட்டும். அப்ப அப்பா பேர்ல இருக்கற பழி பூடும்." அதுதான் அவன் கணக்கு. எண்ணெய் போகும் டியூபை நெரித்து இஞ்சினை நிறுத்த மூன்றாவது சர்வோவில் ஒரு கிளிப் வைத்திருந்தான். பறந்து முடிந்தபின் சத்தமில்லாமல் ஏரிக்கு இறக்குவதற்காக வைத்தது அது.

கும்பாபிஷேகத்தன்று விடிவதற்கு முன்பே கோயிலுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் ஏறிவிட்டேன். பக்கத்துக் கிளையில் குழாய், மடியில் கோணிப்பையில் சுற்றிய ரிமோட். கீழே சனம் நெருக்கியடித்தது. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். மதில்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது. ஒரு பருந்துகூட இல்லை. பந்தலுக்கு ஓரமாக ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் அப்பா நின்றிருந்தார். மேலே இருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி வானத்தைப் பார்த்தார்.

குடங்கள் கோபுரம் ஏறின. மேளம் குழாயில் பிய்த்துக்கொண்டு போனது. ஏரிக்கரைப் பனைமரத்துக்குப் பின்னால் அண்ணன் கை அசைவது தெரிந்தது. வீசிவிட்டான். மண்ணிறப் புள்ளி ஒன்று மரங்களுக்கு மேலே எழும்பியது. அதை அகலமாகச் சுற்றி ஏற்றினேன். பனை உயரத்துக்கு இரண்டு மடங்கு வந்ததும் கோயிலை நோக்கித் திருப்பினேன். என் காதிலேயே இஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அண்ணன் சொன்னது சரி என்று நினைத்தேன்.

அப்போது மேளம் நின்றது.

வாசிப்பவர்கள் நிறுத்தவில்லை. கீழே தவில்காரர் கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றது குழாய். அப்பா ஆம்ப்ளிஃபையர் சுவிட்சை அணைத்துவிட்டு, கருடன் வராததற்குத் தன் சத்தம்தான் காரணம் என்று நினைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி நின்றார். தலைவரும் ஊரும் வருடக்கணக்காகச் சொன்னதை அவரும் உள்ளே நம்பியிருக்கிறார். அது எங்கள் இருவருக்கும் தெரியவே இல்லை.

குழாய் நின்றதும் வண்டுச் சத்தம் தெளிவாகக் கேட்டது. "எவன்டா அவன் இந்த நேரத்துல வண்டிய ஸ்டார்ட் பண்றது?" என்று கீழே யாரோ கத்தினார்கள். நாலைந்து பேர் தெருப்பக்கம் திரும்பினார்கள். மேலே பார்க்க இன்னும் ஒரு மூச்சு நேரம்தான். நான் ரிமோட்டில் அந்தக் கிளிப்புக்கான குச்சியைத் தள்ளினேன்.

இஞ்சின் அணைந்தது. அதன்பின் அது வெறும் இறக்கைதான். இருக்கிற உயரத்தை வைத்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும். வாலைக் கொஞ்சம் திருகிக் கோபுரத்தைச் சுற்ற வைத்தேன். வெயிலில் சூடான மதிலின் மேலே வந்தபோது கீழிருந்து அனல்காற்று தூக்கியது. ஒரு சத்தமும் இல்லாமல், இறக்கையை அசைக்காமல், அசல் பருந்து சுற்றுகிற மாதிரி சுற்றியது. வாலில் எக்ஸ்ரே பிலிம் ஒருமுறை மின்னியது.

"கருடா! கருடா!" என்று சனம் அலறியது. "ஜொலிக்குது பாரு!" என்று ஒரு அம்மா மயக்கம்போட்டு விழுந்தாள். பட்டர் குடத்தைச் சாய்த்தார். மூன்று வட்டம் போட்டேன். நாலாவதற்கு உயரம் போதாது. ஏரிப்பக்கம் திருப்பி விட்டேன். பனைமரங்களுக்கு அப்பால் அது மறைந்தது. வேலிகாத்தான் புதரில் விழுந்து ஒரு இறக்கை ஒடிந்ததைப் பிறகு அண்ணன் சொன்னான். நான் ரிமோட்டை மறுபடி கோணியில் சுற்றினேன்.

தலைவர் மைக்கைப் பிடுங்கி, "சுவிட்ச் போடுய்யா!" என்றார். அப்பா போட்டார். குழாய் என் காதுக்குப் பக்கத்தில் அலறியது. "பாத்தீங்களா! குழாய் நின்னுது, கருடன் வந்துட்டாரு! அன்னிக்கே நான் சொன்னேன்! இந்தப் புத்தி இப்பவாவது நம்ம ரேடியோ செட்காரருக்கு வந்துச்சே!" தன் கழுத்து மாலையைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டார்.

சாயங்காலம் மூன்று பேரும் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அப்பா மாலையைக் கழற்றாமலே சுற்றினார். திடீரென்று, "இத்தினி வருசமா ஊரு சொல்லிச்சே, பொய்யின்னு நெனச்சேன். கரீட்டாத்தான்டா சொல்லிகீறாங்க" என்றார். அண்ணன் வாயைத் திறந்தான். அப்பா அவ்வளவு நிம்மதியாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. அவன் மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அப்பா குழாயில் சத்தம் கூட்டுவதில்லை. கல்யாண வீட்டில் "இன்னா அண்ணாத்தே, பாட்டு பக்கத்து ஊட்டுக்கே கேக்கல" என்பார்கள். "போதும், மேல பறவைங்க கீது" என்பார். யார் அப்படிப்பட்டவரைக் கூப்பிடுவார்கள்? கரையான்சாவடி பார்ட்டி பெரிய பெரிய ஸ்பீக்கர் பாக்ஸோடு வந்தான். பிறகு அப்பா எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆனார்.

குழாய்களைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடப் போகிறேன் என்று அவர் சொன்ன அன்றுதான் அண்ணன் பரணில் ஏறினான். ஒடிந்த இறக்கையும் பிலிம் வாலுமாகக் கருடனை இறக்கி அப்பா முன்னால் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். அந்தக் குழாய்கள் ஒரு பாவமும் செய்யவில்லை என்றான். நான் மரத்திலிருந்து ஓட்டினேன் என்று நானும் சொன்னேன்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூங்கில் வளைவைத் தடவினார். ஒட்டு ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிகீற. அப்படியே கருடன் மாதிரிதான் கீது" என்றார்.

"மாதிரி இல்லப்பா. இதான் அது."

"போடா. நான் கீழ நின்னு பாத்தவன். அது ரெக்கைய ஒரு தபா மடக்கி விரிச்சுது. தலையத் திருப்பி என்னைப் பாத்துச்சு. இது எங்கடா தலைய திருப்பும்?" என் பக்கம் திரும்பினார். "நீ மரத்துல தூங்கி இருப்ப."

கருடனை அண்ணன் கையிலேயே பத்திரமாகக் கொடுத்தார். வாசலில் இரும்புக்காரனின் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. அப்பா எழுந்து போய், யாரையும் தொடவிடாமல், குழாய்களை ஒவ்வொன்றாகத் தானே தூக்கி அதில் வைத்தார்.

ஆவணி மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நூம்பல்.